நடையை அளப்பதா, துயிலை அளப்பதா?

பொழுதை அளப்பதற்கென்று ஆக்கப்பட்ட கைக்கடிகாரம் இன்று அதனை அணிபவரையே அளக்கத் தொடங்கியுள்ளது. ஒருவர் எத்தனை அடி நடந்தார், அவருடைய இருதயம் நிமிடத்துக்கு எத்தனை தடவை துடித்தது, இரவிலே எவ்வளவு நேரம் உறங்கினார், அவ்வுறக்கத்தில் ஆழ்துயில் எவ்வளவு, கனவுத்துயில் எவ்வளவு என்பனவற்றையெல்லாம் அது கணக்கிட்டுக் கைத்தொலைபேசிக்கு அனுப்பிவிடுகின்றது. முகப்புடைய கடிகாரமாகவும், மெல்லிய பட்டியாகவும், விரலில் அணியும் மோதிரமாகவும் இக்கருவிகள் பல வடிவங்களில் வருகின்றன. நடையையும் உடற்பயிற்சியையும் முதன்மையாகக் கொண்டவை சில. துயிலை முதன்மையாகக் கொண்டவை சில. விளம்பரங்களை நோக்கின் எல்லாக் கருவிகளும் எல்லாவற்றையும் செய்யும் என்றே தோன்றும். வாங்குவோருக்கு உண்டாகும் மயக்கத்துக்கும் அதுவே காரணம்.

இது நகரத்துச் செல்வர்க்கு மட்டும் உரிய வினா அன்று. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணை வீதி வழியே கடலைக் கடந்து, அல்லைப்பிட்டியைத் தாண்டி வேலணை நோக்கிச் செல்வோர் மண்கும்பான் என்னும் ஊரைக் காண்பர். மணலும் பனையும் நிறைந்த ஊர். நன்னீர்க் கிணறுகளுக்குப் பெயர் பெற்றது. சாட்டிக் கடற்கரை அயலிலேயே உள்ளது. 1990ஆம் ஆண்டில் நிகழ்ந்த பெரும் இடப்பெயர்வு தீவகத்துக் குடும்பங்களைப் பல திசைகளுக்கும் சிதறச்செய்தது. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் சுவிற்சர்லாந்திலும் வாழ, முதிய பெற்றோர் ஊரிலே தனித்திருக்கும் இல்லங்கள் இன்று பல. விடுமுறைக்கு ஊர் வருவோர் கொண்டுவரும் பொதிகளில் முன்னர் கம்பளியும் இனிப்பும் இருந்தன. இப்பொழுது அவற்றுடன் ஒரு சிறிய பெட்டியிலே இக்கருவியும் வருகின்றது. அப்பு நாள்தோறும் நடக்கின்றாரா, ஆச்சி இரவிலே உறங்குகின்றாரா என்பதைப் பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து அறிய விரும்பும் பிள்ளையின் கவலையே அப்பெட்டியை வாங்கச் செய்கின்றது. கவலை நியாயமானது. வாங்கிய கருவி அக்கவலைக்கு விடை கூறவல்லதா என்பதே ஆராயத்தக்கது.

அதனை ஆராய்வதற்குக் கருவியின் உள்ளே இருப்பதை ஓரளவு அறிந்துகொள்ளுதல் வேண்டும். பெரும்பாலான கருவிகளுள் இரண்டு உறுப்புகள் முதன்மையானவை. ஒன்று ஆர்முடுகல்மானி. கை எத்திசையில், எவ்வளவு விரைவாக அசைகின்றது என்பதை உணரும் நுண்ணிய சில்லு அது. நடக்கும்பொழுது உடல் ஒரு சீரான தாளத்திலே அசைகின்றது. அத்தாளத்தை இனங்கண்டு கருவி அடிகளை எண்ணுகின்றது. மற்றையது ஒளியுணரி. கருவியைக் கழற்றிப் புறம்திருப்பினால் பச்சை ஒளி மினுமினுப்பதைக் காணலாம். குருதி பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும் இயல்புடையது. ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலின் கீழுள்ள நுண்குழாய்களில் குருதி பெருகிக் குறைய, திரும்பிவரும் ஒளியும் குறைந்து பெருகும். அந்த ஏற்றத்தாழ்வே நாடித்துடிப்பாக எண்ணப்படுகின்றது. ஒளியைக்கொண்டு நாடியை அறியும் இம்முறையை அமெரிக்கராகிய அல்றிக் ஹேர்ட்ஸ்மன் 1937ஆம் ஆண்டிலேயே விளக்கியிருந்தார். சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் ஒப்பிட்டுக் குருதியிலுள்ள ஒட்சிசனின் அளவை அறியும் வழியை 1974இல் யப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அஓயாகி கண்டார். கொரோனாக் காலத்திலே வீடுகள்தோறும் விரலில் மாட்டிப் பார்த்த சிறு கருவிக்கு மூலம் அவருடைய கண்டுபிடிப்பே.

ஆகவே கருவி நேரே காண்பன அசைவும் ஒளியின் மாற்றமுமே. சிலவற்றிலே தோலின் வெப்பநிலையும் சேரும். ஏனையவை யாவும் இவற்றிலிருந்து உய்த்துணரப்படுவன. கணித வினாவுக்கு விடையை மட்டும் எழுதிச் செய்முறையைக் காட்டாத மாணவனுக்கு ஆசிரியர் முழுப் புள்ளி வழங்குவதில்லை. இக்கருவிகளோ தம் செய்முறையை ஒருபொழுதும் காட்டுவதில்லை; நிறுவனங்கள் அதனைத் தொழில் இரகசியமாகக் காத்துக்கொள்கின்றன. எனவே எந்த எண் நேரே அளக்கப்பட்டது, எந்த எண் ஊகிக்கப்பட்டது என்பதை வாங்குபவரே பிரித்தறிதல் அவசியமாகின்றது.

நடையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடத்தல் வேண்டும் என்னும் விதி எங்கும் பரவியுள்ளது. இவ்வெண் மருத்துவ ஆய்வொன்றின் முடிவாகப் பிறந்ததன்று. 1964இல் தோக்கியோவிலே ஒலிம்பிக் விளையாட்டு நடைபெற்றதன் பின்னர் யப்பானியரிடையே உடற்பயிற்சி ஆர்வம் பெருகியது. அதனைக் கண்ட யமாசா என்னும் நிறுவனம் 1965இல் இடுப்பிலே அணியும் நடைமானியொன்றை விற்பனைக்கு விட்டது. அதற்கு இட்ட பெயர் மான்போ-கெய். பத்தாயிரம் அடிமானி என்பது அதன் பொருள். வாணிகப் பெயராக வந்த எண் காலப்போக்கில் உடல்நல விதியாகிவிட்டது. உலகிலே இவ்வாறு நிலைபெற்ற விதிகள் வேறும் இருக்கக்கூடும்.

பின்னாளைய ஆய்வுகள் முதியோருக்கு ஆறுதல் தருவன. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐ-மின் லீ என்னும் பேராசிரியையும் அவர் குழுவினரும், சராசரியாக 72 வயதுடைய 16,741 அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தோரிலும் பார்க்க 4,400 அடி நடந்தோரிடையே இறப்பு வீதம் 41 சதவீதம் குறைந்திருந்தது. 7,500 அடி வரையில் நன்மை கூடிச் சென்றது. அதற்கு மேல் நடந்தோருக்கு மேலதிக நன்மை தென்படவில்லை. நடந்தமையாலேயே வாழ்நாள் நீண்டது என்று இத்தகைய ஆய்வு முடிந்த முடிபாக நிறுவாது; உடல்நலம் உள்ளோர் கூடுதலாக நடத்தலும் இயல்பே. ஆயினும் எழுபது வயதான ஒருவர் பத்தாயிரத்தை எட்டவில்லையே என்று மனம் சோர்வதற்கு இடமில்லை என்பது தெளிவு. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் அடிக்கணக்கே இல்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரையிலான மிதமான உடலுழைப்பையும், அறுபத்தைந்து வயதைக் கடந்தோருக்கு உடற் சமநிலையைப் பேணும் பயிற்சியையும் அது பரிந்துரைக்கின்றது.

அடிகளை எண்ணுவதில் இன்றைய கருவிகள் பெரும்பாலும் நம்பத்தக்கவை. ஆயினும் அவை வகுக்கப்பட்டது சமதரையில் கைவீசி நடப்போரை மனத்திற் கொண்டே. மண்கும்பான் மணலிலே நடப்பவர் நிலை வேறு. மணலில் நடப்பதற்கு, அதே வேகத்தில் கடினமான தரையில் நடப்பதிலும் பார்க்க 2.1 முதல் 2.7 மடங்கு வரை கூடுதலான சக்தி செலவாகின்றது என்று பெல்ஜிய ஆய்வாளர் 1998இல் அளந்து காட்டினர். மணிக்கட்டிலுள்ள பட்டி காலின் கீழுள்ள மணலை அறியாது. தார் வீதியில் நடந்த ஆயிரம் அடியும், சாட்டிக் கரையின் மணலிலே கால் புதையப் புதைய நடந்த ஆயிரம் அடியும் அதன் கணக்கில் ஒன்றே. துவிச்சக்கர வண்டி மிதிப்போருக்கும் இவ்வநீதி உண்டு. கை பிடியிலே அசையாதிருப்பதால், பயிற்சி வகையை முன்கூட்டியே தெரிவித்தாலன்றி, வேலணைச் சந்தி வரை மிதித்துச் சென்ற உழைப்பிற் பெரும்பகுதி கணக்கில் வராமற் போகலாம். மாறாக, கிணற்றிலே வாளி கொண்டு தண்ணீர் அள்ளும்பொழுதும் தேங்காய் துருவும்பொழுதும் கையின் தாளத்தை நடையென மயங்கிச் சில கருவிகள் அடிகளை வாரி வழங்கும்.

எரிக்கப்பட்ட கலோரி என்று காட்டப்படும் எண்ணோ மிகவும் தளர்ந்தது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 2017இல் ஏழு கருவிகளை 60 பேருக்கு அணிவித்துச் சோதித்தனர். நாடித்துடிப்பை எண்ணுவதில் ஆறு கருவிகளின் பிழை ஐந்து சதவீதத்துக்குள் அடங்கியது. சக்திச் செலவிலோ, சிறந்த கருவியே 27 சதவீதம் பிழைத்தது; மிக மோசமானது 93 சதவீதம் பிழைத்தது. ஒரு மணிநேர நடையால் இத்தனை கலோரி எரிந்துவிட்டது, ஆகவே மேலும் இரண்டு வடை உண்ணலாம் என்று கணக்கிடுவோர் இவ்விரு எண்களையும் நினைவிற் கொள்வது நன்று.

நாடியைப் பொறுத்தவரை வேறொரு பயனும் உண்டு. இருதயம் ஒழுங்கற்றுத் துடிக்கும் ஒருவகைக் கோளாறு முதியோரிடம் காணப்படுகின்றது. பலருக்கு அது தெரிவதே இல்லை. குருதி கட்டியாகி மூளைக்குச் சென்று பாரிசவாதத்தை உண்டாக்கிய பின்னரே சிலரிடம் அது வெளிப்படும். அப்பிள் நிறுவனத்தின் கடிகாரத்தைக் கொண்டு ஸ்ரான்போர்ட் மருத்துவர்கள் நடத்திய ஆய்விலே 419,297 பேர் பங்குபற்றினர். 2019இல் வெளியான முடிவின்படி 2,161 பேருக்கு ஒழுங்கற்ற துடிப்பெனக் கருவி அறிவித்தது. அறுபத்தைந்து வயதைக் கடந்தோரிடையே அது நூற்றுக்கு மூன்று என்னும் அளவை எட்டியது. அறிவிப்புப் பெற்றோருள், பின்னர் மார்பிலே ஒட்டும் ஈ.சி.ஜி. கருவியை அணிந்து திருப்பியனுப்பிய 450 பேரில் 34 சதவீதத்தினரிடம் அக்கோளாறு உறுதியாயிற்று. ஏனையோரிடம் அவ்வேளை அது காணப்படவில்லை. அது விட்டு விட்டு வரும் இயல்புடையதாதலின் அவர்களுக்கு நோயே இல்லையென்றும் துணிய முடியாது. கருவி அறிவித்தால் வைத்தியசாலைக்குச் சென்று முறையான ஈ.சி.ஜி. எடுத்தல் வேண்டும். அறிவிக்கவில்லை என்பதற்காக நெஞ்சு படபடப்பையும் மூச்சிளைப்பையும் பொருட்படுத்தாது விடுவது பெருந்தவறு.

இனித் துயிலுக்கு வருவோம். இங்கேதான் வாங்குபவர் மிகுந்த விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

துயில் என்பது மூளையின் செயல். ஜேர்மனியரான ஹான்ஸ் பேர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்தார். 1953இல் சிக்காக்கோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் அவருடைய ஆசிரியரான நத்தானியல் கிளைற்மனும் உறங்குவோரின் கண்கள் சில வேளைகளில் இமைக்குள்ளேயே விரைந்து அசைவதைக் கண்டறிந்து, கனவு பெரும்பாலும் அவ்வேளைகளிலேயே நிகழ்கின்றது எனக் காட்டினர். ஏறத்தாழ ஒன்றரை மணிநேரச் சுற்றுக்களாக, மென்துயில், ஆழ்துயில், கனவுத்துயில் என உறக்கம் மாறி மாறி வருகின்றது என்பது பின்னர் தெளிவாயிற்று. இவற்றைச் சரிவரப் பிரித்தறிய வேண்டுமாயின் தலையிலே மின்வாய்களை ஒட்டி மூளையலையையும், கண்ணசைவையும், தாடைத் தசையின் இறுக்கத்தையும், மூச்சையும் இரவு முழுவதும் பதிவுசெய்தல் வேண்டும். துயில் ஆய்வுகூடங்களில் நடைபெறுவது அதுவே.

மணிக்கட்டுக் கருவி இவற்றுள் மூளையலையையோ கண்ணசைவையோ காண்பதில்லை. கை அசையாதிருக்கின்றது, நாடி தணிந்திருக்கின்றது, ஆகவே உறக்கம் என்று அது முடிவுசெய்கின்றது. நாடியின் நுண்ணிய ஏற்றத்தாழ்வைக்கொண்டு இது ஆழ்துயில், இது கனவுத்துயில் என்று ஊகிக்கின்றது. எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், மொத்தம் எவ்வளவு நேரம் உறங்கினார் என்பதை ஓரளவு சரியாகவே கூறும். உறங்கும் நேரத்தை உறக்கமெனக் கண்டுகொள்வதில் இக்கருவிகள் கெட்டிக்காரர். விழித்திருக்கும் நேரத்தை விழிப்பெனக் கண்டுகொள்வதிலேயே தவறுகின்றன. நடுச்சாமத்திலே விழித்துக்கொண்டு, மகனுடைய வேலையையும் பேத்தியின் படிப்பையும் எண்ணியவாறு முகட்டைப் பார்த்து அசையாது படுத்திருக்கும் தாயை அது நன்கு உறங்கினார் என்றே எழுதிவைக்கும். உறக்கமின்மையால் வருந்துவோரிடமே துயில்மானி அதிகம் பிழைக்கின்றது என்பது இதன் பொருள். எவர் அதனை வாங்க மிகவும் விரும்புகின்றாரோ அவருக்கே அது குறைவாகப் பயன்படுகின்றது.

காலையிலே கருவி வழங்கும் துயிற்புள்ளி சிலரிடத்து வேறொரு தீங்கையும் விளைவித்துள்ளது. 2017இல் கெலி பேரன் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும், கருவி காட்டும் எண்ணைச் செம்மையாக்கும் முயற்சியிலேயே உறக்கத்தை இழந்த நோயாளர் சிலரைப் பற்றி எழுதி, அந்நிலைக்கு ஓர்த்தோசொம்னியா எனப் பெயரிட்டனர். ஆய்வுகூடத்தில் மூளையலைகளைக் கொண்டு ஆழ்துயில் உண்டெனக் காட்டிய பின்னரும் கருவியின் கூற்றையே நம்பியவரும் அவர்களுள் ஒருவர். நன்றாக உறங்கி எழுந்தவர் திரையைப் பார்த்து 62 என்னும் புள்ளியைக் கண்டு, அன்று முழுவதும் சோர்வாக உணர்வாராயின், அவருக்குக் கருவியால் ஆன நன்மை என்ன? இத்தகைய மனப்பாங்குடையோர் துயில்மானியை வாங்காதிருத்தலே நலம். உறக்கமின்மை மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பின் அதற்கென வகுக்கப்பட்ட மனநடத்தைச் சிகிச்சை உண்டு. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் அதனையே முதற் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. அச்சிகிச்சைக்கு வேண்டியது ஒரு பயிற்சிக் கொப்பியும் பேனாவுமே. படுத்த நேரம், உறங்கியதாக எண்ணும் நேரம், விழித்த தடவைகள், எழுந்த நேரம், பகலில் குடித்த தேநீர், கோப்பி ஆகியவற்றை இரண்டு வாரம் எழுதிச் சென்றால், மருத்துவர் அதனைக் கருவியின் வண்ணப் படத்திலும் மேலாக மதிப்பார்.

ஒரு நோயைப் பொறுத்தவரையில் துயிற்கருவிகள் அண்மையில் முன்னேறியுள்ளன. உறங்கும்பொழுது தொண்டை வழி அடைபட்டு மூச்சு நின்று நின்று வருதல் அந்நோய். பெருங்குறட்டை, திடீரென மௌனம், பின்னர் திணறி எழும் மூச்சு. பகலிலே தூக்கக் கலக்கம். குருதியமுக்கத்தையும் இருதய நோயையும் அது தூண்டும். 2024இல் சாம்சங், அப்பிள் ஆகிய இரு நிறுவனங்களின் கடிகாரங்களும் இந்நோயின் அறிகுறியை உணர்த்துவதற்கு அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் அனுமதியைப் பெற்றன. அனுமதி அறிகுறியை உணர்த்துவதற்கே. நோயை உறுதிசெய்வது மருத்துவரின் பணி. எனினும் இந்நோயைக் கண்டறியும் மிகப் பழைய கருவி அருகிற் படுத்திருப்பவரின் செவியாகும். அப்பு இரவிலே மூச்சு நின்று திணறுகின்றார் என்று ஆச்சி பல ஆண்டுகளாகக் கூறிவந்திருப்பாராயின், கடிகாரத்துக்குக் காத்திராது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதே முறை. தனித்து வாழ்வோருக்கு அச்செவி இல்லை. அங்கே கருவிக்கு நியாயமான இடமுண்டு.

கடற்றொழிலாளர் நிலையையும் இங்கே குறிப்பிடுதல் தகும். இரவிலே கடலுக்குச் சென்று விடியலில் கரைசேர்ந்து, முற்பகலில் இரண்டு மணிநேரமும் பிற்பகலில் இரண்டு மணிநேரமுமாக உறங்குபவரைத் துயில்மானி நன்கு விளங்கிக்கொள்வதில்லை. ஃபிட்பிட் கருவியோ மூன்று மணிநேரத்துக்குக் குறைந்த உறக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டுவதில்லை. அன்றியும், வலையும் கயிறும் இழுப்போர் விரலில் மோதிரக் கருவி அணிவது ஆபத்தானது. கயிற்றில் மோதிரம் சிக்கினால் விரலின் தோலையும் சதையையும் உரித்துச் செல்லும். தங்க மோதிரத்தையே கழற்றிவைத்துவிட்டுத் தொழிலுக்குச் செல்லும் வழக்கம் காரணமற்றதன்று.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால் தெரிவு ஓரளவு எளிதாகும். நடக்கத் தூண்டுதல் வேண்டும், நாடியும் தெரிதல் வேண்டும் என்பவருக்குச் சாதாரண விலையில் கிடைக்கும் பட்டியே போதும். ஷாவோமி நிறுவனம் 2014இல் மலிவான பட்டியை வெளியிட்டது முதல் இவ்வகை எங்கும் பரவிவிட்டது. ஒருதடவை மின்னேற்றினால் ஒன்றிரண்டு வாரம் வரை இயங்குவனவும் உண்டு. முதியோருக்கு இது பெரிய வசதி. அப்பிள் கடிகாரத்தின் வழக்கமான வகைகளோ ஏறத்தாழ ஒரு நாளிலேயே மின்னேற்றத்தை வேண்டுவன. இரவிலே மின்னேற்றியில் வைக்கும் வழக்கமுடையவருக்கு அதன் துயில்மானியால் யாதொரு பயனும் இல்லை. உறக்கத்தின் ஒழுங்கை மட்டுமே நெடுநாள் நோக்க விரும்புபவருக்கு மோதிரம் பொருந்தும். விரலிலே நாடி தெளிவாகத் தெரியும்; படுக்கையில் உறுத்தாது; ஒளிரும் முகப்பும் இல்லை. பின்லாந்து நாட்டின் ஊரா நிறுவனம் 2015இல் மோதிரத்தை அறிமுகஞ் செய்தது. 2021இல் மூன்றாம் தலைமுறை மோதிரத்துடன் மாதச் சந்தாவையும் கொண்டுவந்தது. பெங்களூரிலே தோன்றிய அல்ட்ராஹியூமன் 2022இல் வெளியிட்ட மோதிரம் சந்தா இன்றி விற்கப்பட்டது. பிள்ளை அனுப்பிய பொருளுக்குப் பெற்றோர் மாதந்தோறும் வெளிநாட்டு நாணயத்தில் பணம் கட்ட நேரும் நிலையை முன்னரே அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து அனுப்புவோர் அடிக்கடி காணத் தவறும் செய்தியொன்று உண்டு. அப்பிள் கடிகாரத்தை இயங்கச் செய்ய ஐபோன் வேண்டும். சாம்சங் நிறுவனத்தின் கடிகாரங்கள் 2021ஆம் ஆண்டு வெளியீட்டிலிருந்து ஐபோனுடன் இணைவதில்லை. தந்தையின் கையிலே இருப்பது ஆன்ட்ரொயிட் தொலைபேசியாயின், பெரும்பொருள் கொடுத்து வாங்கிய அப்பிள் கடிகாரம் அலுமாரியில் உறங்குவதற்கே உதவும். துயில்மானி தானே துயில்வது அவ்விடத்தில்தான்.

அதனிலும் பாரதூரமானது சலரோகம் பற்றியது. தோலைத் துளைக்காமலே குருதியிலுள்ள சீனியின் அளவைக் காட்டும் என்று கூறி விற்கப்படும் கடிகாரங்களும் மோதிரங்களும் உள்ளன. 2024 பெப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், அத்தகைய கடிகாரத்துக்கோ மோதிரத்துக்கோ தான் அனுமதி வழங்கவில்லை என்றும், அவற்றை நம்பவேண்டாம் என்றும் எச்சரித்தது. பிழையான எண்ணை நம்பி இன்சுலினையோ மாத்திரையையோ கூட்டிக் குறைப்பவர் சில மணிநேரத்துள் நினைவிழந்து உயிராபத்தை அடையக்கூடும். குருதியமுக்கமும் அவ்வாறே. சாம்சங் கடிகாரம் அதனைக் காட்ட வேண்டுமாயின், கையிற் பட்டி சுற்றி அளக்கும் வழமையான கருவியுடன் 28 நாட்களுக்கு ஒருமுறை ஒப்பிட்டுத் திருத்துதல் வேண்டும். அவ்வழமையான கருவி வீட்டிலே இருக்குமாயின் அதனாலேயே அளந்துகொள்ளலாம் அல்லவா? ஒட்சிசன் அளவிலும் அவதானம் வேண்டும். வைத்தியசாலையில் விரலில் மாட்டும் கருவிகளே கரிய தோலுடையோரிடம் ஒட்சிசன் குறைவைத் தவறவிடுகின்றன என்று 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது.

விழுந்தால் உதவிக்கு அழைக்கும் வசதி பற்றியும் கூறவேண்டும். அப்பிள் நிறுவனம் 2018இல் இதனைத் தன் கடிகாரத்திற் சேர்த்தது. வன்மையாக விழுந்து அசையாது கிடந்தால் கருவி அவசர இலக்கத்துக்கு அழைப்பு விடுத்து, முன்னரே குறித்துவைத்த உறவினருக்கும் செய்தி அனுப்பும். ஆனால் தனித்த தொலைபேசி இணைப்பில்லாத கடிகாரம் அருகிலுள்ள கைத்தொலைபேசியின் வழியாகவே பேசும். இடைத்தூரம் பத்து மீற்றர் அளவைக் கடந்தால், நடுவே சுவரும் இருந்தால், தொடர்பு அறுந்துவிடும். யாழ்ப்பாணத்து வளவுகளிலே முதியோர் வழுக்கி விழும் இடம் பெரும்பாலும் கிணற்றடியும் கழிவறையும். அவை வீட்டிலிருந்து விலகியே அமைந்திருக்கும். தொலைபேசியோ விறாந்தையில் மின்னேற்றியுடன் இருக்கும். எனவே கடிகாரத்தின் விலையிற் சிறு பங்கைச் செலவிட்டுக் கிணற்றடியிலே கைபிடிக் கம்பியும் வழுக்காத தரையும் அமைத்தல் அதனிலும் முந்திய கடமை. குறித்துவைக்கும் இலக்கம் அயல்வீட்டாருடையதாகவும் இருத்தல் வேண்டும். மண்கும்பானிலே காலை பத்து மணியாகும்பொழுது ரொறன்ரோவில் நள்ளிரவை அண்மித்துவிடும். மகனின் தொலைபேசி ஒலித்தாலும் அவர் உறக்கத்தில் இருப்பார். 2016இல் இந்திய அரசின் நன்கொடையுடன் தொடங்கி 2018இல் வடமாகாணத்துக்கு விரிவாக்கப்பட்ட சுவசெரிய நோயாளர் காவு வண்டியின் இலக்கமாகிய 1990 என்பதை முதியவர் மனத்திலும், சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதிவைத்தல் நன்று.

கருவி திரட்டும் தகவல் எங்கே செல்கின்றது என்பதும் எண்ணத்தக்கதே. ஸ்ட்ராவா என்னும் செயலி தன் பயனாளர் ஓடிய பாதைகளையெல்லாம் ஒன்றுசேர்த்து 2017இல் உலகப்படமாக வெளியிட்டபொழுது, பாலைவனங்களின் நடுவே மறைந்திருந்த இராணுவ முகாம்களின் உருவம் அதில் ஒளிர்ந்ததை 2018 ஜனவரியில் மாணவர் ஒருவர் சுட்டிக்காட்டினார். ஒருவர் எப்பொழுது வீட்டில் இருக்கின்றார், எப்பொழுது இல்லை என்பதை அவர் நடை காட்டிக்கொடுக்கும். இடத்தைப் பதியும் வசதியை நிறுத்திவைத்தாலும் அடிகள் எண்ணப்படும்.

வாங்கிய பின்னர் செய்யவேண்டியவை சில உள. வயது, உயரம், நிறை ஆகியவற்றைச் சரியாகப் பதிதல் வேண்டும். மகன் தன் விவரங்களுடன் தொடக்கிவைத்த கருவியைத் தாய் அணிந்தால் தூரமும் கலோரியும் மகனுடைய கணக்கிலேயே வரும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, அசையாத அளவுக்கு இறுக்கமாக அணிதல் வேண்டும். வியர்வையும் சவர்க்காரமும் பட்டியின் கீழ்த் தங்கினால் தோல் சிவந்து சொறியும். நாள்தோறும் கழற்றித் துடைத்துச் சிறிது நேரம் காற்றுப்பட விடுதல் வேண்டும். கடலிலே குளித்தபின் நன்னீரிற் கழுவுதல் அவசியம். மண்கும்பானில் அதற்குக் குறைவில்லை.

தாயின் அடிக்கணக்கைத் தன் தொலைபேசியிலும் காணும்படி பிள்ளை அமைத்துக்கொள்ளலாம். தாயின் சம்மதம் பெற்றே அதனைச் செய்தல் முறை. அவ்வாறு அமைத்த பின்னர், வழமையாக 3,000 அடி நடப்பவர் ஒரு வாரமாக 800 அடியே நடந்திருக்கின்றார் எனக் கண்டால் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்கலாம். முழங்கால் நோவு, காய்ச்சல், மனச்சோர்வு என்று ஏதேனும் வெளிப்படலாம். கருவியைக் கழற்றி மாடத்திலே வைத்துவிட்டு மறந்துபோனேன் என்பதும் விடையாக வரலாம்.